பதினாலாம் கட்டிலின் மணி

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி என்று யாரும் கிடையாது. போன ஏப்ரலிலிருந்து எல்லோரும் விருந்தினர். காலில் கம்பி ஏறி வந்தவரும் விருந்தினர், குடல்வால் வெடித்து வந்தவரும் விருந்தினர். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "வணக்கம், நான் கிரேஸ், இன்று உங்களைக் கவனித்துக்கொள்வதில் மகிழ்ச்சி" என்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். ஒருவர் என் மேலேயே வாந்தி எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோபமெல்லாம் பார்த்திபன் மேல்தான். சென்னையில் ஏதோ பெரிய ஓட்டலில் இருந்துவிட்டு எங்களிடம் விருந்தினர் சேவை மேலாளராக வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அதட்டிப் பேச மாட்டார், கடைநிலை ஆயாவைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கை உடைந்து வருகிறவனுக்கும் பிரியாணி சாப்பிட வருகிறவனுக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை மாற்ற எங்கள் தலைமை டாக்டராலேயே முடியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி சென்னையிலிருந்து வடக்கே போகும் கல்கத்தா ரோட்டில், புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டினால் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களில் நெல் பயிரிடுகிறவர்கள். நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று சுமந்தவர், என் அண்ணன்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவிலேயே முதல் நர்ஸ் நான்தான். எப்படிப்பட்ட ஒல்லியான கையிலும் ஒரே குத்தில் நரம்பு பிடித்துவிடுவேன். இதை நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்களும் சொல்வார்கள்.

பார்த்திபன் கொண்டுவந்ததிலேயே பெரிய பேஜாரு அந்த மணிதான். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு பொத்தான். நோயாளி அமுக்கினால் நாங்கள் உட்காரும் இடத்தில் மணி அடிக்கும், திரையில் அந்தக் கட்டிலின் எண் வந்து நொடி ஓட ஆரம்பிக்கும். நர்ஸ் அங்கே போய்ச் சுவரில் இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் நிற்கும். அதற்குள் மூன்று நிமிடம் தாண்டிவிட்டால் சிவப்பு. வாரா வாரம் திங்கட்கிழமை எந்த வார்டில் எத்தனை சிவப்பு என்று எல்லோர் முன்னாலும் காட்டுவார்கள். இருபத்திரண்டு கட்டில், நான்கு தனி அறை, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இரண்டு நர்ஸ். மூன்று நிமிடத்தில் ஒரு ஊசி மருந்தைக்கூட ஒழுங்காகக் கலக்க முடியாது.

முதல் மாதம் எங்கள் வார்டுதான் கடைசி. திட்டு வாங்கி வாங்கி எனக்கு ரோசம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தேன். ஓடு, பச்சையை அமுக்கு, "தோ வந்துடறேன்" என்று சொல்லு, அடுத்த மணிக்கு ஓடு. மணி நின்றுவிடும், நொடி நின்றுவிடும், வேலை மட்டும் அப்படியே நிற்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண் மோனிகாவுக்கும் இதை ஒரே நாளில் கற்றுக்கொடுத்தேன்.

இரண்டே மாதத்தில் எங்கள் வார்டு முதலிடம். பார்த்திபன் கேக் வெட்டினார். வார்டு இன்சார்ஜ் பதவிக்கு என் பெயரை எழுதிப் போட்டார். அந்தப் பதவி எனக்கு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் வேறு வார்டுகளில் இன்சார்ஜ் ஆகி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் அறையில் சந்திரமோகன் என்பவர் இருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் நிறைய நிலம் வைத்திருக்கிறவர். அவர் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார், பாவம். அவர் மனைவி ஜோதிலட்சுமி அம்மா அவருக்கும் சேர்த்துக் கேட்பார். காலையிலிருந்து ஏழு முறை மணி அடித்திருந்தார். தலையணை உறை மாற்ற ஒரு தடவை, டிவியில் சேனல் வரவில்லை என்று ஒரு தடவை, நாஷ்டாவுக்கு வந்த பொங்கலில் மிளகு அதிகம் என்று ஒரு தடவை.

"பொங்கல் சமைக்கிறது நான் இல்லம்மா" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. டப்பு குட்த்துதான தங்கிக்கிறோம். பெல்லு அடிச்சா கேளுங்கனு அந்த தம்பிதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார் அவர். அதிலும் தப்பில்லை. சொல்லிவிட்டுப் போனவர் பார்த்திபன்.

பொது வார்டில் பதினாலாம் கட்டிலில் அன்புசெல்வன் படுத்திருந்தான். இருபத்தெட்டு வயது, தகடு வெட்டும் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். முந்தின நாள் தகடு தள்ளும் இரும்புத் தண்டு அடித்ததில் வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. தோல் கிழியவில்லை. எலும்பு டாக்டர் எட்வர்ட் இழுத்துச் சேர்த்து, சாயங்காலமே மாவுக்கட்டுப் போட்டிருந்தார். அவன் மனைவி இளமதி குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

காலை பத்து பத்துக்கு அவன் மணி அடித்தது. அவன் அடித்த முதல் மணி அதுதான். நான் போவதற்குள்ளேயே மூன்றாம் அறை மணியும் அடிக்க ஆரம்பித்தது. போனேன், பச்சையை அமுக்கினேன்.

"இன்னா தம்பி?"

"கை ரொம்ப வலிக்குது சிஸ்டர்."

"ஒம்போது மணிக்குதான் ஊசி போட்டேன். கேக்கும். தோ வந்துடறேன்."

அவன் சரி என்று தலையாட்டினான். நான் மூன்றாம் அறைக்கு ஓடினேன். காப்பியில் சர்க்கரை போட்டுவிட்டார்களாம்.

மாவுக்கட்டுப் போட்ட கையில் ஊசிக்கும் அடங்காத வலி வந்தால் முதலில் விரலைப் பார்க்க வேண்டும். உள்ளே சதை வீங்கும், வெளியே கட்டு இடம் கொடுக்காது, நடுவில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரம் அப்படியே விட்டால் கை போய்விடும். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் பார்க்கவில்லை. காப்பிக்குப் பிறகு இரண்டு புது அட்மிஷன், ஒரு ரத்தப் பாட்டில், நான்கு தடவை மணி. ஒவ்வொன்றையும் ஓடி ஓடி அணைத்தேன்.

பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் பதினாலாம் கட்டில் ஞாபகம் வந்தது. அவன் திரும்ப மணி அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தான். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நிறம் மாறி, தொட்டால் சில்லென்று இருந்தன. நடுவிரலை லேசாக நிமிர்த்தினேன். அதுவரை முனகாமல் கிடந்தவன் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

டாக்டர் எட்வர்ட் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். போனை அவர் காதில் வைக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "கட்ட உடனே பிளந்து விடுங்க சிஸ்டர், உள்ள இருக்கிற பஞ்சு வரைக்கும், தோல் தெரியணும். நான் தையல் போட்டுட்டு வர்றேன்" என்றார். கட்டுப் பிரிக்கும் ஆள் அன்றைக்கு லீவு. கட்டு அறுக்கும் மெஷினை நானே எடுத்து வந்தேன். மோனிகா கையைப் பிடித்துக்கொள்ள, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நிதானமாக அறுத்தேன்.

பாதி அறுக்கும்போது மூன்றாம் அறை மணி. நான் நகரவில்லை. மோனிகா என்னைப் பார்த்தாள். "நீயும் போவாத" என்றேன்.

மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜோதிலட்சுமி அம்மாவே வார்டுக்குள் வந்துவிட்டார்.

"எத்தினி வாட்டிம்மா அடிக்கிறது, காதுல உழலியா?"

"உழுதும்மா. இந்தக் கை பொழைக்கட்டும், வர்றேன்."

அவர் எட்டிப் பார்த்தார். அந்த விரல்களைப் பார்த்ததும் முகம் மாறியது. "அய்யோ, பாவமே. சின்ன வயசு" என்றார். அதே மூச்சில், "வர்ற வழியில ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி எடுத்தாந்துடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மோனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அடுத்து பார்த்திபன். "கிரேஸ் சிஸ்டர், ரூம் மூணு பதினோரு நிமிஷமா சிவப்புல இருக்கு."

"இருக்கட்டும் சார்."

"ஒருத்தராவது போய்..."

"நீங்க போங்க சார். பேட்டரிதான் கேக்கறாங்க."

நான் நிமிரவே இல்லை. பஞ்சை வெட்டி, கட்டை இரண்டு பக்கமும் விரித்தேன். தோல் பளபளவென்று இறுகிப்போயிருந்தது. கையைத் தலையணை மேல் வைத்து நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெல்ல நிறம் வந்தது. முதலில் கட்டை விரலில், அப்புறம் மற்றதில். அன்புசெல்வன் கண்ணைத் திறந்து, "இப்ப பரவால்ல சிஸ்டர்" என்றான்.

டாக்டர் எட்வர்ட் வந்து விரல் விரலாக அசைத்துப் பார்த்தார். "நல்லவேளை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா வீக்கம் அடங்க கையைக் கிழிச்சு விட்டிருக்கணும். அதுக்கும் மேல போயிருந்தா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். சாயங்காலம் வரை அரைமணிக்கு ஒரு தரம் பார்க்கச் சொன்னார். நான் கால்மணிக்கு ஒரு தரம் பார்த்தேன்.

நான்கு மணிக்குப் பார்த்திபன் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்றாம் அறை பத்தொன்பது நிமிடம் காத்திருந்ததாம், புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நான் நேரில் போய் வருத்தம் தெரிவித்தால் முடித்துவிடலாமாம். அச்சடித்த மன்னிப்புத் தாளை நீட்டினார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஆனா சிஸ்டர், பதினாலாம் பெட் விஷயத்துல நீங்க செஞ்சது பெரிய விஷயம்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். "பத்து பத்துக்கு பெல், ஒரு நிமிஷம் இருபது செகண்டுல நீங்க அங்க இருக்கீங்க. இதை அப்படியே எழுதி மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்பப் போறேன். இன்சார்ஜ் ஆர்டரும் கையெழுத்துக்குப் போயிருக்கு."

திரையில் பச்சையாக ஒரு நிமிடம் இருபது நொடி. அதற்குப் பிறகு அவன் வலியோடு கிடந்த ஒன்றேகால் மணி நேரம் எங்கேயும் இல்லை. தாளை மடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பதவி இன்னமும் வேண்டியிருந்தது, அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது.

இளமதி திரும்பி வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர்தான் கையைக் காப்பாத்தினாங்க என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கும்புடாதம்மா. உம் புருசன் பத்து மணிக்கே பெல்லு அடிச்சாரு. நான் வந்து பட்டன அமுக்கிட்டு, கையப் பாக்காமப் போய்ட்டேன். பதினொன்றரைக்குதான் வந்து பாத்தேன். எந் தப்பு. சாரிம்மா. அன்பு, சாரிப்பா."

இளமதி கையை இறக்கினாள். "அவரு வலிக்குதுனு சொன்னாருல்ல?"

"சொன்னாரு."

"அப்பறம் இன்னாத்துக்கு அந்த பட்டன அமுக்கனீங்க? எங்களுக்கு அந்தக் கைதான சிஸ்டர் சோறு போடுது." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"விடு இளமதி" என்றான் அன்புசெல்வன். பிறகு என்னிடம், "எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர். நீங்க வந்ததும் மொதல்ல செவுத்தப் பாத்தீங்க, அப்பறந்தான் என்னப் பாத்தீங்க. ஓ, இவங்களுக்கும் போர்டு கீதுனு நெனச்சிகினேன். மறுபடி அடிச்சா உங்க பேரு கெட்டுடும்னுதான் அடிக்கல" என்றான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் தன் பிளந்த கட்டைக் காட்டினான்.

"எங்க மெஷின்ல ஒரு சென்சாரு கீது சிஸ்டர். கை குறுக்க வந்தா நின்னுடும். தகடு கொஞ்சம் கோணலா வந்தாலும் நின்னுடும். ஒவ்வொரு வாட்டி நின்னாலும் போர்டுல செவப்பு எரியும், பீஸு எண்ணிக்க கொறையும். அதான் சென்சார ஆஃப் பண்ணி வெச்சிட்டேன். யாரும் சொல்லல, நானாதான் கண்டுபுடிச்சேன். மூணு மாசமா எங்க லைனுதான் பர்ஸ்ட்டு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் கட்டிலில் உட்காரக் கூடாது என்று பார்த்திபன் சட்டம் போட்டிருந்தார்.

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தானா கோளாறாயிடுச்சினு நெனச்சிகினு கீறாங்க." பிறகு அவனாகவே, "இன்னிக்கி என் எடத்துல விமல்னு ஒருத்தன் நிக்கிறான். புதுசு. அது ஆஃபுல கீதுனு அவனுக்குத் தெரியாது" என்றான்.

இளமதி அவன் தோளைப் பிடித்தாள். "நீதான் அணைச்சனு தெரிஞ்சா ஆஸ்பத்திரி செலவு குடுக்க மாட்டாங்கய்யா. வேலயும் பூடும்."

"தெரியும்" என்றான். "போன எடு."

அவள் எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் எண்ணைப் போட்டு, அவன் காதில் அவளே வைத்தாள்.

"அண்ணே, அன்பு பேசறேன். மெஷின நிறுத்துங்க. இல்லண்ணே, இப்பவே. விமல நவுந்து நிக்கச் சொல்லுங்க. சென்சாரு கோளாறு இல்ல, நான்தான் ஆஃப் பண்ணேன். ஆமாண்ணே, நான்தான். அத அப்பறம் பேசிக்கலாம், நீங்க மொதல்ல நிறுத்துங்க."

அந்தப் பக்கம் சத்தமாக ஏதோ திட்டுவது எனக்கே கேட்டது. மெஷின் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவன் காதிலிருந்து போனை எடுக்கச் சொன்னான். அவன் கை நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

நான் எழுந்து போய் அவனுடைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். பத்து பத்துக்கு நோயாளி வலி என்று அழைத்தார், நான் மணியை மட்டும் நிறுத்தினேன், கையைப் பரிசோதிக்கவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்குப் பரிசோதித்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையே தனித் தாளில் இரண்டு பிரதி எழுதி, கூடவே இந்த வார்டில் மூன்று மாதமாக இப்படித்தான் மணிகளை நிறுத்துகிறோம் என்றும் சேர்த்து, பார்த்திபன் மேஜையில் வைத்தேன். மூன்றாம் அறைக்கு அவர் அச்சடித்துக் கொடுத்த தாளையும் கையெழுத்தில்லாமல் பக்கத்தில் வைத்தேன்.

"சாரி சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லிட்டேன் சார். அவங்க ரூம் மூணுல இல்ல."

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சிஸ்டர், கம்ப்யூட்டர்ல எல்லாமே சரியா இருக்கு. இதை நீங்க குடுக்கலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல. குடுத்தா இன்சார்ஜ் ஆர்டர் நின்னுடும். விசாரணை வரும். நல்லா யோசிச்சிதான் குடுக்கறீங்களா?"

"யோசிச்சேன் சார். நகல்ல கையெழுத்துப் போடுங்க."

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"இங்க நாங்க ரெண்டு பேரு சார், இருபத்தாறு பேருக்கு. மூணாவது ஆளு போடுங்கனு நாலு மாசமாக் கேக்கறோம். போர்டுல பச்சயே எரிஞ்சிகினு இருந்தா எதுக்கு ஆளுனுதான மேல கேப்பாங்க? கேக்கத்தான் செஞ்சாங்க. அந்தப் பச்சய எரிய விட்டது நான். நான்தான் எழுதிக் குடுக்கணும்."

பார்த்திபன் பேனாவை எடுத்தார். இந்த மாதிரி மொத்தம் எத்தனை மணியை அணைத்திருப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். எண்ணவில்லை என்றேன். அவர் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்த நகலை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

வார்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. இருபதாம் கட்டில். மோனிகா எனக்கு முன்னால் ஓடினாள். நான் கற்றுக்கொடுத்த அதே ஓட்டம், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் கை நேராகச் சுவருக்குப் போனது.

"அமுக்காத மோனிகா" என்றேன். "அவர மொதல்ல இன்னானு கேளு. அது அடிக்கட்டும்."